ரந்தாவ் பாஞ்சாங் துரை எழுதிய நாவல்

(கோல சிலாங்கூர், வட சிலாங்கூர் தோட்டக் கிளைகளின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பளப் பேச்சுவார்த்தை இருக்கிறது, வீட்டுப் பிரச்சினை இருக்கிறது, ஆஸ்பத்திரிப் பிரச்சினை இருக்கிறது. இவ்வளவும் இருக்க, சங்க மேடையிலே நாவலைப் பற்றி என்ன பேச்சு என்று முன்வரிசையிலே இரண்டொருவர் முணுமுணுப்பது நமது காதில் விழாமல் இல்லை. நியாயமான கேள்விதான். ஆனால் நாம் பேச வந்த நாவல் எங்கோ லண்டனிலோ சென்னையிலோ விளைந்த சரக்கு அல்ல. இந்தச் சிலாங்கூர் ஆற்றங்கரையிலே, நம் பாட்டன்மார் காடு வெட்டிய மண்ணிலே முளைத்தது. அதனால் நமக்கும் அதில் ஒரு கணக்கு உண்டு. கணக்கு என்றால் கிராணிகளாகிய நமக்குக் கொஞ்சம் பிடிக்கும் அல்லவா? ஆகவே பொறுமையாகக் கேட்க வேண்டுகிறோம்.

பாரிஸ் நகரத்திலே 'கோங்கூர்' என்று ஒரு பரிசு உண்டு. 1903 முதல் பிரெஞ்சு நாவல்களுக்குக் கொடுத்து வருகிறார்கள். பிரெஞ்சு எழுத்தாளருக்கு அதைவிடப் பெரிய கௌரவம் அந்த நாட்டிலே அநேகமாக இல்லை. 1930-ஆம் ஆண்டு அந்தப் பரிசைப் பெற்ற நாவலின் பெயர் 'மலேஸி', அதாவது மலாயா நாடு. எழுதியவர் ஆன்ரி போக்கோனியே. பெயர் வாயில் நுழையக் கஷ்டப்படும். இரண்டு முறை சொல்லிப் பார்த்தால் வந்துவிடும். இவர் பாரிஸிலே காப்பிக் கடையில் உட்கார்ந்து கற்பனை செய்தவர் அல்லர். கோல சிலாங்கூரை அடுத்த ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் தோட்டம் திறந்த துரை. 1931-இலேயே எரிக் சட்டன் என்பவர் அதை இங்கிலீஷில் மொழிபெயர்த்து, 'மலாயாவின் ஆன்மா' என்று பொருள்படும் தலைப்பில் வெளியிட்டார். தமிழ்ப்பள்ளியில் படித்த நாம் பக்கத்திலே அகராதியை வைத்துக்கொண்டு, வேலை முடிந்த ராத்திரிகளில் வரி வரியாக ஊன்றிப் படித்தது அந்த இங்கிலீஷ் புத்தகத்தைத்தான்.

ஆசாமியின் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1879-இல் பிரான்ஸ் தேசத்தின் தென்மேற்கே, பிராந்திக்குப் பெயர்போன வட்டாரத்தில், பார்பெஸியோ என்ற சிறு ஊரை ஒட்டிப் பிறந்தார். இங்கிலாந்தில் சில காலம் பள்ளி ஆசிரியர் வேலை. போர்னியோவிலே சவ்வரிசி மரம் பயிரிட்டுப் பணம் பண்ணலாம் என்று எதையோ படித்துவிட்டு, 1905-இல் கப்பலேறினார். சிங்கப்பூர் வந்ததும், சவ்வரிசியைவிட ரப்பரே நல்லது என்று கேள்விப்பட்டு மனத்தை மாற்றிக்கொண்டார். கிள்ளான் பக்கத்தில் ஒரு தோட்டத்துரையிடம் சில மாதம் தொழில் பழகினார். அங்கே அவர் பழகியது தொழிலை மாத்திரமல்ல. துரைமாருக்கு இன்றியமையாத இரண்டு பாஷைகளான மலாயையும் தமிழையும் பழகினார். பிறகு ரந்தாவ் பாஞ்சாங்கில் நிலம் பிடித்தார். 1908-இல் பெல்ஜியம் சென்று, அட்ரியன் ஹாலே என்ற முதலாளியைக் கூட்டுச் சேர்த்துக் கம்பெனி அமைத்தார். 1910-இல் ரப்பர் விலை ஆகாயத்துக்கு ஏறியபோது இவரும் ஏறினார்.

இன்னொரு விஷயம். அதற்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் இந்த நாட்டையே அது மாற்றிவிட்டது. சுமத்திராவிலிருந்து செம்பனை விதை கொண்டுவந்து முதலில் ரந்தாவ் பாஞ்சாங்கில் நட்டுப் பார்த்தார். பின்பு 1917-இல், மலாயாவிலேயே வியாபார முறையில் நடப்பட்ட முதல் செம்பனைத் தோட்டம் இவருடைய ஏற்பாட்டில் தென்னமரம் எஸ்டேட்டில் உண்டாயிற்று. பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் அதை அறியாதவர் நம்மில் இல்லை. 2007 முதல் அந்த ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். ஆனாலும் பழைய பெயர் நம் வாயைவிட்டுப் போகவில்லை. இங்கிலீஷில் எப்படி எழுதினாலும் 'தென்னமரம்' நம் வீட்டுச் சொல். இந்த நாட்டின் முதல் செம்பனைத் தோட்டம் தமிழ்ப் பெயரைத் தாங்கி நிற்கிறது. பால்மரத்தை நம்பி வந்தவர்களை, பால்மரத்தை விட்டே விரட்டிய அந்தப் பனை, நம் வட்டாரத்தில்தான் முதலில் வேர்விட்டது. நட்டவரும் ஒரு நாவலாசிரியர்! இதைக் கதையில் எழுதினால், 'நம்பும்படி இல்லையே' என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

1914-இல் சண்டை மூண்டதும் இவர் ஊருக்குத் திரும்பிச் சாதாரணச் சிப்பாயாகப் போர்முனைக்குப் போனார். வெர்டன் சண்டையைக் கண்டவர். சண்டைக்குப் பின் மறுபடி மலாயா. 1920-களின் நடுவிலே குடும்பத்தோடு வட ஆப்பிரிக்காவில் துனீசியாவுக்குக் குடிபோனார். நாவலை அங்கேதான் எழுதி முடித்தார். 1905-இல் கண்ட நாட்டைப் பற்றி 1930-இல் புத்தகம்! இடையில் 25 வருஷம். 1973-இல் தமது 94-ஆம் வயதில் காலமானார்.

இவருடைய நாவலில் லெஸ்கால் என்பவன் தன் கதையைத் தானே சொல்கிறான். போர்முனையிலே ரோலேன் என்ற மனிதனைச் சந்திக்கிறான். சண்டைக்குப் பின் அதே ரோலேனை மலாயாவில் தோட்டக்காரனாகக் காண்கிறான். ரோலேனுடைய வீட்டுக்குப் 'பனை வீடு' என்று பெயர். இரண்டு வெள்ளைக்காரர்களும் அந்த வீட்டில் உட்கார்ந்து, வாழ்க்கையைப் பற்றியும் அலைச்சலைப் பற்றியும் பேசித் தீர்க்கிறார்கள். ஐரோப்பாவிலே எல்லாரும் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள், எதற்கென்று தெரியாமல் ஓடுகிறார்கள் என்பது ரோலேனுடைய கட்சி. அவசரமில்லாத மலாய்க் கிராமத்து வாழ்க்கையில் அவனுக்கு ஒரு ஞானம் தெரிகிறது. மலாய்க்காரரின் பந்துன் பாட்டுக்கள் புத்தகம் நெடுக வருகின்றன. ஸ்மாயில் என்ற மலாய் இளைஞன் கடைசியில் வெறி கொண்டு ஓடுகிறான்.

நல்லதை நல்லதென்று சொல்லிவிட வேண்டும். பிரயாணம் என்றால் கப்பலில் வந்து, நாலு படம் பிடித்து, மறு கப்பலில் போவது என்று இந்த மனிதர் நினைக்கவில்லை. ஓரிடத்தில் இருந்து, அந்த ஊர்ப் பாஷையைப் பேசி, மழையும் வெயிலும் உடம்பில் ஊறிய பிற்பாடு எழுதியிருக்கிறார். அன்றாடம் கண்ணில் படுகிற மரமும் ஆறும் எழுத்துக்கு ஏற்ற பொருள்தான் என்று காட்டியிருக்கிறார். நம் கம்போங் குவாந்தான் ஆற்றோரத்திலே பெரெம்பாங் மரங்களில் மின்மினி கூட்டமாக மினுக்குவதைப் பார்க்க எத்தனையோ தேசத்திலிருந்து ஆட்கள் வந்து படகுக்குக் காசு கொடுக்கிறார்கள். பத்து மைல் தள்ளி லயத்திலே பிறந்து வளர்ந்தவர்களில் எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்? கையைத் தூக்கச் சொன்னால் நாலைந்து கைதான் எழும். கிட்ட இருப்பதைப் பார்க்கவும் ஒரு கண் வேண்டும். அந்தக் கண் போக்கோனியேயிடம் இருந்தது.

ஆனால் தோழர்களே, கண் மாத்திரம் போதுமா? அமர்ந்து யோசிக்க நேரம் வேண்டாமா? பனை வீட்டின் தாழ்வாரத்திலே ராத்திரி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த நேரம் எங்கிருந்து வந்தது? விடியுமுன் தப்படித்து எழுப்பிப் பெரட்டுக்களத்தில் நிறுத்தப்பட்டவர்களின் உழைப்பிலிருந்து வந்தது. எழுத்துக்கு ஓய்வு வேண்டும். ஓய்வுக்குப் பணம் வேண்டும். பணத்துக்குப் பால் வேண்டும். அந்தப் பாலை மங்கிலிருந்து வாளிக்கும், வாளியிலிருந்து ஸ்டோருக்கும் சுமந்தது யார் தோள்? காண்டாக் கம்பு தழும்பேற்றிய தோள்களை நம் தாத்தாக்களிடம் பார்த்திருக்கிறோமே!

அவர் வந்த பிரயாணத்தையும் நம்மவர் வந்த பிரயாணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1905-இலே நாகப்பட்டினத்தில் ஏறியவர்களில் ஒரு பகுதியினர் ஒப்பந்தக் கூலிகள். அந்த முறை மலாயாவில் 1910-இல்தான் ஒழிக்கப்பட்டது. மற்றவர் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக் கடனோடு ஏறியவர்கள். கங்காணி முறைக்கு 1938-இல்தான் முற்றுப்புள்ளி விழுந்தது. அந்த வருஷம் இந்திய அரசாங்கம் கூலி வேலைக்கு ஆள் வருவதைத் தடுத்துவிட்டது. போக்கோனியேக்குப் போர்னியோ பிடிக்காவிட்டால் சிலாங்கூர். ஒன்றும் சரிப்படாவிட்டால் திரும்பிப் போக ஒரு வீடு. மனத்தை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் அவருடைய பெட்டியிலே இருந்தது. நம்மவரின் தகரப்பெட்டியிலே அது இல்லை. அதே கடலைக் கடந்தவர்கள்தான் இருவரும். ஆனால் ஒருவர் போனதற்குப் பெயர் பிரயாணம். மற்றவர் போனது, கப்பல் ஏட்டிலே, இத்தனை தலை என்ற ஓர் எண்.

1930-ஐயும் கொஞ்சம் கவனியுங்கள். பாரிஸிலே பரிசு கொடுத்துக் கை தட்டிய அந்த வருஷத்தில்தான் உலகச் சந்தை கவிழ்ந்து ரப்பர் விலை படுத்துவிட்டது. தோட்டம் தோட்டமாகச் சம்பளத்தைக் குறைத்தார்கள். பல்லாயிரக் கணக்கான தமிழர்களை, வேலை இல்லை, ஊருக்குப் போ என்று கப்பலேற்றினார்கள். மலாயாவின் ஆன்மாவைப் பற்றி ஐரோப்பாவில் படித்துக்கொண்டிருந்தபோது, அதன் உடம்பைக் கப்பலில் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்!

அடுத்து ஒரு பெண்ணைப் பற்றிப் பேச வேண்டும். தாய்மார்கள் இருக்கும் சபையில் இதைப் பேசத் தயக்கமாகத்தான் இருக்கிறது. பேசாவிட்டால் நமது பேச்சுக்கே அர்த்தமில்லை. நாவலிலே ஒரு தமிழ்ப் பெண் வருகிறாள். பிரெஞ்சுக்காரர் எழுத்திலே ஒரு விதமாக இருக்கும் அந்தப் பெயர் நம் வாயில் பழனியாயி. கதை சொல்லும் துரைக்கும் அவளுக்கும் உறவு ஏற்படுகிறது. துரையின் கண்ணிலே அவளுடைய நிறமும் நகையும் நடையும் தெரிகின்றன. கதை முழுவதும் துரையின் வாயால் சொல்லப்படுவதால், பழனியாயி தன் கதையைத் தான் சொல்ல வழியே இல்லை. அவள் லயத்திலே எந்த வீட்டுப் பெண்? விடிந்தால் எந்த நிரையில் மரம் வெட்டுகிறவள்? தண்டலும் கங்காணியும் அவளைப் பார்த்து என்ன சிரிப்புச் சிரித்தார்கள்? 'வரமாட்டேன்' என்று சொல்ல அவளால் முடிந்திருக்குமா? சொன்னால், அடுத்த நாள் பெரட்டிலே அவள் பேர் இருந்திருக்குமா? பழனியாயியின் பக்கத்திலே ஓர் எழுத்தாளன் பிறந்திருந்தால் முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள் இவைதாம்.

இது நமது கற்பனை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். 1941-இல் கிள்ளான் வட்டாரத்திலே தொடங்கிப் பரவிய வேலைநிறுத்தத்தை இந்தச் சபையில் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய போராட்டம் அது. அவரை மே மாதத்தில் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். சுட்டதில் தொழிலாளர்கள் மாண்டார்கள். அந்தப் போராட்டக் கோரிக்கைகளிலே சம்பளம் மாத்திரமா இருந்தது? சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல் இவற்றோடு, தொழிலாளரின் வீட்டுப் பெண்களைத் துரைமாரும் அவர்களுக்குக் கீழுள்ளவர்களும் மானபங்கம் செய்வது நிற்க வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. பாரிஸிலே பரிசு பெற்ற பதினோராம் வருஷம் பழனியாயியின் பக்கத்து நியாயம் எழுத்திலே வந்துவிட்டது. நாவலாக வரவில்லை, கோரிக்கைத் தாளாக வந்தது.

அதே தாளில் இன்னொரு கோரிக்கை: துரையோ உத்தியோகஸ்தரோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கத் தேவையில்லை என்பது. உத்தியோகஸ்தர் என்றால் நம் கிராணிமாரையும் சேர்த்துத்தான். வெள்ளைக்காரனைப் போல நடந்துகொண்ட கறுப்பு உத்தியோகஸ்தர்களைத் தொழிலாளர்கள் 'கறுப்பு வெள்ளைக்காரர்' என்று அழைத்தார்கள். கிராணிகள் நாவல் எழுதப் புறப்பட்டால், இந்தச் சைக்கிள் அத்தியாயத்தைத் தாண்டிக் குதித்துவிடக் கூடாது. இறங்கி நின்றவனைவிட, இறங்க வைத்தவனைப் பற்றி எழுதத்தான் நிஜமான தைரியம் வேண்டும்.

போக்கோனியேயின் கம்பெனி பின்னாளில் சோக்பின் என்ற பெரிய கம்பெனிக் கூட்டத்தில் சேர்ந்தது. அதே சோக்பினுக்கு 1936-இல் வேலைக்கு வந்த பிரெஞ்சு இஞ்சினீயர் ஒருவர் இருந்தார்: பியர் பூல். அவர் 1952-இல் எழுதிய க்வாய் நதிப் பாலத்தின் கதை 1957-இல் சினிமாவாகி உலகமெல்லாம் ஓடியது. அந்தப் பாலம் எந்த ரயிலுக்கு? சயாம் ரயிலுக்கு! 415 கிலோ மீட்டர் பாதை. 1943 அக்டோபரில் முடித்தார்கள். அங்கே மாண்ட வெள்ளைக்காரச் சிறைக் கைதிகள் 12,000 பேருக்கு மேல். அவர்களுக்குக் கல்லறை உண்டு, கல்லிலே பெயரும் உண்டு. மாண்ட ஆசியத் தொழிலாளர்களோ 90,000 பேர் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து லாரியிலே ஏற்றிக்கொண்டு போன தமிழர்கள் எத்தனை எத்தனையோ பேர். இந்த நாட்டுத் தோட்டத்திலே வேலை பார்த்த ஒருவர் எழுதிய கதையிலும் நம்மவர் கதாநாயகர் அல்லர். சினிமாவிலே அந்தச் சீட்டிப் பாட்டு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. நம் லயத்திலிருந்து போனவர்கள் என்ன பாட்டுப் பாடினார்கள் என்று கேட்டு வைத்தவர்கள் மிகச் சிலரே.

அந்தக் குறையை நம் எழுத்தாளர்கள் பிற்காலத்தில் கொஞ்சம் நிவர்த்தி செய்தார்கள். ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார். அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். அவரே 'லங்காட் நதிக்கரை'யும் எழுதினார். தமிழ்நாட்டிலிருந்து அகிலன் 1970-களில் இங்கே வந்து சுற்றிப் பார்த்துத் தோட்டத் தொழிலாளரை வைத்துப் 'பால்மரக் காட்டினிலே' எழுதியதும் உங்களில் பலருக்குத் தெரியும். அவர் முன்பு ரயில்வே தபால் பகுதியிலே கடிதம் பிரித்தடுக்கும் வேலை பார்த்தவர். ஆகவே நம் ஜாதி என்று கிராணிகள் கொஞ்சம் பெருமைப்படலாம். அவர் வந்தது அன்போடு. இருந்தாலும் விருந்தாளிக்கு வீட்டின் முன்கட்டுத் தெரியும். அடுப்படிப் புகை எந்தப் பக்கம் போகும் என்று வீட்டில் இருப்பவர்களுக்கே தெரியும்.

அன்றாட வாழ்க்கையிலே எழுதுவதற்கு என்ன இருக்கிறது, தினமும் அதே மரம், அதே உளி, அதே வாளி என்று நம் தோழர் ஒருவர் போன கூட்டத்தில் சொன்னார். அவருக்காகச் சொல்கிறோம். ஒரு மரத்தை வெட்டும் வேலையை எடுத்துக்கொள்வோம். கோடு இடது பக்கம் உயர்ந்து வலது பக்கம் தாழ்ந்து இறங்க வேண்டும். ஏன்? பட்டைக்குள்ளே பால் ஓடும் குழாய்கள் நேர் செங்குத்தாக இல்லாமல் கொஞ்சம் சாய்ந்து ஓடுகின்றன. அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். ஆழம் போதாவிட்டால் பால் வராது. ஆழம் மிஞ்சினால் காயம்பட்டு மரம் முண்டு முண்டாய்ப் புடைத்துக்கொள்ளும், புதுப்பட்டை சரியாக வளராது. இரண்டுக்கும் இடையே ஒரு நெல் கனம் கூட இல்லை. இருட்டிலே, தலைவிளக்கு வெளிச்சத்திலே, நூற்றுக் கணக்கான மரங்களில் அந்த இடைவெளியைத் தவறாமல் பிடிப்பது கண்ணா, கையா? கேட்டால் நம் அக்காமார் சிரிப்பார்கள். 'உளி சொல்லும்' என்பார்கள். இப்படிப் பேசுகிற மக்களுக்கு எழுத விஷயம் இல்லையாம்!

விடியுமுன் போகிறோமே, அதற்கும் காரணம் உண்டு. குளிர்ந்த வேளையில்தான் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம். வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறையும். மரத்தின் உடம்பைப் பார்த்து மனிதனுடைய தூக்கத்தைக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நாலு மணிக்குக் கைக்குழந்தையை எழுப்பி ஆயாக் கொட்டகையிலே விட்ட தாயின் மனமும் அந்தக் கணக்கிலே சேர வேண்டும். கோடு போட்டு முடித்த நேரம் பார்த்து மேகம் கறுக்கும். மழை விழுந்தால் மங்கிலே பால் வெள்ளமாய் வழியும். அன்றைய பாடு மண்ணோடு போகும். எல்லாரும் வானத்தைப் பார்ப்பார்கள், யாரும் பேசமாட்டார்கள். அந்தப் பத்து நிமிஷத்தை ஒருவர் சரியாக எழுதிவிட்டால் போதும்; படிப்பவன் எந்தத் தேசத்தவனானாலும் அண்ணாந்து பார்ப்பான். அதற்குப் பிரெஞ்சுப் பாஷை தேவையில்லை.

ஆனால் சீக்கிரம் எழுத வேண்டும். நம் வட்டாரத்தில் பால்மரம் நிற்கும் தீம்பார்கள் எத்தனை என்று இன்று விரல்விட்டு எண்ணலாம். மீதியெல்லாம் செம்பனை, அல்லது வீடமைப்பு. மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டத்து மக்கள் தலைக்குமேல் ஒரு கூரைக்காக எத்தனை காலம் போராடினார்கள் என்பதை நாம் அறிவோம். மனுக் கொடுத்ததும், மந்திரிகள் வந்ததும் போனதும், இடையிலே பெரியவர்கள் ஒவ்வொருவராகக் கண்மூடியதும் வரிசைப்படி எழுதினால் அதுவே ஆயிரம் பக்க நாவல். லயத்தை இடித்தால் சுவர் விழும், கோயில் பெயரும். கூடவே, எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்ற ஞாபகமும் நாலைந்து வருஷத்தில் மறைந்துபோகும். கணக்குப் புத்தகங்களைக் கறையான் தின்கிறது. தின்னாததைக் குப்பையோடு கொளுத்துகிறார்கள். செக்குரோலிலே பேர் இருக்கும், நாள் இருக்கும், ராத்தல் இருக்கும். அதற்குமேல் அவனைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. என்றாலும், அதைக்கூட எரித்துவிட்டால் அவன் இருந்ததற்கே சாட்சி இல்லை.

இன்று பெரட்டுக்கு வரும் முகங்களும் மாறிவிட்டன. வங்காள தேசத்துத் தம்பிமார், இந்தோனேசியத் தம்பிமார், நேப்பாளத்துத் தம்பிமார் வந்து நிற்கிறார்கள். சம்பளத்தன்று அவர்கள் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஏஜெண்டுக்குக் கட்டவேண்டிய கடன் அதில் எழுதியிருக்கும். கங்காணி போனான், ஏஜெண்டு வந்தான். நம் பாட்டன் ஏறியது கப்பல், இவர்கள் ஏறுவது விமானம். 'அந்நியன் வந்து நம் வேலையைப் பிடுங்கினான்' என்று லயத்துத் திண்ணையில் பேசுவது சுலபம். கூலி குறைவு என்று நம் பிள்ளைகள் தொழிற்சாலைக்குப் போன பிறகு காலியான இடத்துக்கு, அதைவிடக் குறைந்த கூலிக்கு ஆள் பிடித்தது யார் என்று கேட்பதுதான் சங்கத்தானுக்கு அழகு. அந்தத் தம்பிமாரின் கதையும் பழனியாயியின் கதையைப் போலவே இப்போது வாயில்லாமல் நிற்கிறது. அவர்களிடம் கொஞ்சம் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். அரைகுறை மலாயிலே அவர்கள் சொல்வது நம் தாத்தா சொன்னதாகவே இருக்கும்.

போக்கோனியேக்கு நாவல் எழுத 25 வருஷமும் துனீசியாவிலே ஒரு கடற்கரை ஊரும் வேண்டியிருந்தது. தூர இருந்து பார்த்தால் சில விஷயங்கள் தெளிவாகத் தெரியும் என்பது உண்மையே. தோட்டத்தை விட்டுக் கிள்ளானிலும் ரவாங்கிலும் குடியேறிய நம் பிள்ளைகளுக்கும் அந்தத் தூரம் இப்போது வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் மோட்டார் சைக்கிளில் பழைய தோட்டத்துக் கோயிலுக்கு வந்து, இடிந்த லயத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறார்களே, அவர்களிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தால் என்ன?

அதையேதான் நமது கிளை செய்ய உத்தேசித்திருக்கிறது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் இரண்டு நோட்டுப் புத்தகம் கிளைச் செலவில் வாங்கியிருக்கிறோம். எழுதப் பழகாதவர்கள் சொல்ல, எழுதத் தெரிந்த கிராணிமாரும் பிள்ளைகளும் எழுத வேண்டும். இலக்கணம் பார்க்க வேண்டாம். 'அந்தக் காலம் பொற்காலம்' என்று ஆரம்பித்தால் மாத்திரம் கொஞ்சம் நிறுத்தி, அன்று எத்தனை காசு கூலி, அரிசி எங்கே வாங்கினீர்கள், பிரசவம் எங்கே ஆயிற்று என்று கேளுங்கள். எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், கூட வந்தவர் யார், எதை மூட்டையில் கட்டி வந்தார்கள் என்று கேளுங்கள். சயாமுக்குப் போனவர் வீட்டிலே எஞ்சியவர் யார், எப்படிப் பிழைத்தார்கள் என்று கேளுங்கள். பெண்கள் சொல்வதைப் பெண்களே எழுதுவது நல்லது. ஆண்பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் பாதி வெளியே வராது. தென்னமரத்திலும் ரந்தாவ் பாஞ்சாங்கிலும் மூன்று தலைமுறை இருந்த குடும்பங்கள் யாரேனும் இந்தச் சபையில் இருந்தால், கூட்டம் கலைந்ததும் நம்மை வந்து பார்க்கக் கேட்டுக்கொள்கிறோம்.

நோட்டுப் புத்தகங்களை அடுத்த மாதக் கூட்டத்தில் செயலாளரிடம் சேர்க்க வேண்டும். நன்றாக உள்ளவற்றை இந்தப் பத்திரிகையிலேயே தொடர்ந்து வெளியிட ஆசிரியர் சம்மதித்திருக்கிறார். மானத்துக்குப் பங்கம் வரும் என்று அஞ்சுகிறவர்கள் ஆட்களின் பெயரை மாற்றி எழுதலாம், அதில் குற்றமில்லை. தோட்டத்தின் பெயரையும் வருஷத்தையும் மாத்திரம் உள்ளபடியே எழுதுங்கள். வாசலருகே மேஜையில் புத்தகங்கள் இருக்கின்றன. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போகலாம்.